மூன்று மாடி ஏறிய தண்ணீர்

சி பிளாக்கின் தரைத்தள வீட்டிலிருந்து தண்ணீர் மேல்நோக்கி ஒழுகத் தொடங்கியது ஆல்பர்ட் அம்பத்தூருக்குப் போன ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி எமிலி. இன்னொன்று அவன் விட்டுப்போன மீன்.

அம்பத்தூருக்குப் போனான் என்றால் வேலைக்குப் போனான் என்று அர்த்தமில்லை. அங்கே போட்டோ ஃபிரேம் கடை வைத்திருந்த ஒருத்தியோடு இருக்கப் போனான். போகும்போது நான்கு கைலி, கேரம் போர்டு, தலைவலித் தைலம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டியபடி எமிலியிடம், "உன்கூட இருக்கிறது ஆஸ்பத்திரில அட்மிட் ஆன மாதிரியே இருக்கு எமிலி. நீ நல்லாத்தான் பாத்துக்கிற. ஆனா எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்றான். பிறகு மீனைப் பார்த்தான். "மேனேஜரைப் பாத்துக்க" என்றான். அவ்வளவுதான்.

மேனேஜர் என்பது கொளத்தூரில் வாங்கிய ஆஸ்கர் மீன். ஒரு சாணுக்கு மேல் நீளம், கறுப்பு உடம்பில் தணல் சிதறிய மாதிரி ஆரஞ்சு நிறத் திட்டுகள், கீழ்த்தாடை முன்னால் தள்ளி, லீவு கேட்டவனைப் பார்க்கிற முகம். ஆல்பர்ட் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜருக்கும் அதே தாடை என்பதால் அந்தப் பெயர் வந்தது. தொட்டி, கூடத்தில் பழைய தேக்கு மேஜைமேல் இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு கறுப்பு டப்பா. தொட்டித் தண்ணீரை ஒரு குழாய் வழியாக இழுத்து, உள்ளே அடுக்கியிருக்கும் பஞ்சில் அழுக்கை நிறுத்திக்கொண்டு, மறு குழாய் வழியாகத் தெளிவாக மேலே அனுப்பும் ஃபில்டர் அது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆல்பர்ட் கழுவும்போது எமிலி கவனித்ததில்லை. கவனிக்காமல் விட்டதில் அது ஒன்று, அம்பத்தூர் இன்னொன்று.

எமிலிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பத்தொன்பது வருஷமாக மனிதர்களின் கையிலிருந்து ரத்தத்தை எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றுகிறவள், ஒரு சொட்டு கீழே விட்டதில்லை. அவள் காபி ஆற்றினால் நுரைகூட ஒழுங்காக வரிசையில் நிற்கும் என்று மூன்றாவது மாடி பவுனம்மாள் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை, கை மேஜைக்கு அடியிலும் நினைப்பு வேறெங்கோவுமாக, இரண்டு குழாய்களின் திருகையும் மூடாமல் டப்பாவை இழுத்துவிட்டாள். குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் பீய்ச்சியது. காலெல்லாம் நனையப் போகிறது என்று எமிலி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், கால் நனையவில்லை.

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு சீலிங்குக்கு ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஃபேனைச் சுற்றிக் குளமாகப் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கியது, அதாவது ஏறியது. எமிலி முதலில் திருகுகளை மூடினாள். அப்புறம் மாப்பை எடுத்து வந்து, தலைகீழாகப் பிடித்து, நாற்காலியில் ஏறி நின்று சீலிங்கைத் துடைத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிந்தினால் துடைக்க வேண்டும், அது எந்தப் பக்கம் சிந்தினாலும்.

கால் மணி நேரத்தில் முதல் மாடி வேதகிரி வந்தார். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், பிளாக் சங்கத்தின் செயலாளர், வாசலில் நின்றாலும் யாரோ தாமதமாக வந்துவிட்ட மாதிரி மணிக்கட்டைப் பார்த்தபடியே நிற்பவர்.

"ஏம்மா, உங்க வீட்லேர்ந்து எங்க வீட்டுக்கு ஒழுகுது."

"நீங்க மேல இருக்கீங்க சார்."

"அதான் நானும் சொல்றேன். சாமி அலமாரிக்குக் கீழ தரையிலேர்ந்து பொங்கி, பிள்ளையார் படத்தை நனைச்சு, அப்படியே மேல போவுது. என் சம்சாரம் விளக்கு அணைஞ்சு போச்சுன்னு அழுவுறா."

"டப்பா கழட்டும்போது சிந்திடுச்சு சார். துடைச்சுட்டேன்."

வேதகிரி சீலிங்கைப் பார்த்தார், மாப்பைப் பார்த்தார், மாப்பின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் மணிக்கட்டைப் பார்த்தார். "இனிமே சிந்தாம கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டார்.

தண்ணீர் முதல் மாடியோடு நிற்கவில்லை. இரண்டாவது மாடியில் டியூஷன் எடுக்கும் நூருன்னிசா டீச்சர் வீட்டுக் கரும்பலகைக்கு முன்னால் தரையிலிருந்து எழுந்து, எழுதியிருந்த பின்னக் கணக்கை அழித்துக்கொண்டு மேலே போனது. மூன்றாவது மாடியில் பவுனம்மாளின் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிட்டது. மூன்று மாடி ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். அங்கே அது சாதாரணத் தண்ணீரைப் போல அமைதியாகத் தரையில் படுத்துக்கொண்டது. எமிலி சிந்தியது அரை பக்கெட் இருக்கும். பவுனம்மாள் மொண்டு எடுத்தது பதினான்கு குடம். வழியில் சுவரில் ஊறிக்கிடந்த ஈரத்தையெல்லாம் அது துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அறுபது வருஷத்துச் சுவரில் மற்ற எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஈரத்துக்கு வராது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சி பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடிக்கப் போகிற கட்டடத்தில் யாராவது தண்ணீர் ஏற்றும் மோட்டாரைச் சரிசெய்வார்களா என்று பதினோரு வருஷமாக மோட்டாரைச் சரிசெய்யவில்லை. தண்ணீர், வாசல் கேட்டுக்கு அருகிலிருந்த குழாயில் மட்டும் வந்தது. அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். இட்லி மாவு அரைத்து மூன்று பிளாக்குக்கும் கொடுக்கும் பவுனம்மாளுக்கு அரிசி களைய, உளுந்து ஊற, கிரைண்டர் கழுவ, ஒரு நாளைக்குப் பதினான்கு குடம் வேண்டும். வலது முழங்கால் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இடுப்பில் குடத்தோடு ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை என்று கணக்கு வைத்து ஏறுவாள். படிகள் ஐம்பத்து நான்கு, வார்த்தைகள் அதைவிடக் குறைவு என்பதால் சிலது இரண்டு முறை வரும்.

அவள் யாரிடமும் மூச்சு விடாமல் அந்தத் தண்ணீரைச் சிக்கனமாக இரண்டு நாளுக்குப் புழங்கினாள். மூன்றாம் நாள் ஒரு தூக்குச் சட்டியில் மாவோடு இறங்கி வந்து எமிலியின் கதவைத் தட்டினாள்.

"எமிலி, அன்னிக்கி என்னா பண்ணே நீ?"

"எதுவும் பண்ணலக்கா. கை தவறிடுச்சு."

"இன்னொரு வாட்டி தவறட்டும்" என்று தூக்கை நீட்டினாள் பவுனம்மாள்.

விஷயம் ஒரு வாரத்தில் பி பிளாக்குக்கும் ஏ பிளாக்குக்கும் தெரிந்துவிட்டது. ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்து மாதா கோயில் பாதிரியார் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அற்புதம் என்றால் நோயாளி யாராவது குணமாகியிருக்க வேண்டும், இது குழாய்ச் சங்கதி, பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றார். பிளம்பர் வந்து குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். "தண்ணி மேல போறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா வாஷர் தேஞ்சிருக்கு" என்றான். மாற்றிவிட்டுப் போனான்.

சங்கம் வேதகிரி வீட்டுக் கூடத்தில் கூடியது. மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு ஒழுகினால் மேல் வீட்டார்தான் பொறுப்பு என்று விதி இருந்தது. கீழிருந்து மேலே ஒழுகினால் என்ன என்று எந்த விதியிலும் இல்லை. இரண்டு மணி நேரம் பேசி, கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்குச் செல்லும் தண்ணீர் கசிவு ஆகாது, விநியோகம் என்றே கருதப்படும் எனத் தீர்மானம் எழுதினார்கள். வேதகிரியே முன்மொழிந்தார், ஏனென்றால் தண்ணீர் பொங்கிய அந்தச் சனிக்கிழமையே அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பொங்கி வரும் இடத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டால் போதும். தண்ணீர் உள்ளே முட்டி முட்டிப் பார்த்து, களைத்து, அடங்கிவிடும். அப்புறம் பக்கெட்டை நிமிர்த்தினால் தண்ணீர் தண்ணீராக இருந்தது. செயலாளர் பதவிக்கு வந்தபின் வேதகிரி முதல்முறையாகப் பிளாக்குக்குப் பயன்படும் விதத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தின் முன்னிலையில் எமிலி ஃபில்டரைத் திறந்து, அவர்கள் சொன்னபடியே, தண்ணீரைக் கூடத்தில் கொட்டினாள். தண்ணீர் தரையில் பரவி, வேதகிரியின் வேட்டி நுனியை நனைத்து, வாசல் வழியாக வெளியே போனது. மேலே போகவில்லை. மறுபடி கொட்டினாள். மறுபடி கீழேதான் போனது. தெரிந்து கொட்டினால் ஏறுவதில்லை, தெரியாமல் சிந்தினால்தான் ஏறும் என்று நூருன்னிசா டீச்சர் ஈர மிதியடியின் மேல் நின்றபடி கண்டுபிடித்தார்.

"அப்ப சிந்துங்க" என்றார் வேதகிரி.

"எனக்குச் சிந்தத் தெரியாது சார்" என்றாள் எமிலி. அது உண்மை. ஒரு முறை தெரியாமல் செய்துவிட்டதால், செய்முறையை அவள் அதற்குள் முழுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். இரண்டு திருகுகளையும் மூட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அடங்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். டப்பாவுக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடையை நகர்த்திவிட்டு அப்புறம்தான் குழாய் மூட்டைக் கழற்ற வேண்டும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, குழந்தையை எடுப்பதுபோல் அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில்தான் பதமாக அலச வேண்டும். அவள் செய்தால் ஒரு சொட்டு வெளியே வராது. அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். பிளாக்கே வயிறு எரிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எமிலியைக் கவனக்குறைவாக ஆக்குவது எப்படி என்று சங்கம் யோசிக்க ஆரம்பித்தது. வாரா வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபில்டர் கழுவ வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். அவள் டப்பாவைத் தூக்கும் நேரத்தில் நூருன்னிசா டீச்சர் காலிங் பெல்லை அடித்தார். ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் பட்டாசு வெடித்தார். வேதகிரி பக்கத்தில் நின்று, "ஆல்பர்ட்டை நேத்து பாத்தேன். இளைச்சாப்ல இருந்தான். கூட அந்தம்மாவும் இருந்துச்சு. கை கோத்திருந்தாங்க" என்று ஒவ்வொரு வாக்கியமாக விட்டு விட்டுச் சொன்னார். எமிலியின் கை அசையவில்லை. கெட்ட செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தொழில்.

நான்காவது சனிக்கிழமை பவுனம்மாள் படியில் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே இறங்கி வந்து, மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கல்லாம் தள்ளுங்கய்யா. எமிலி, வேதகிரி சார் மொதல் ராத்திரி கதை தெரியுமா உனக்கு?"

"அக்கா, அவரு இங்கதான் நிக்கிறாரு."

"நிக்கட்டும், அவருக்கும் மறந்துருக்கும். டைம் கீப்பர்ல. உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனாரு. பொண்ணு வூட்டுக்காரங்கல்லாம் வெளிய ஒக்காந்திருக்காங்க. ரெண்டே நிமிஷம். கதவத் தொறந்துக்கினு வந்தாரு. நோட்ட எடுத்தாரு. 'வண்டி கிளம்பலை'ன்னு எழுதினாரு."

எமிலிக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அவள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆல்பர்ட் இருந்த பதினாறு வருஷத்தில் இல்லை. டப்பா கையில் ஆடியது, தண்ணீர் தளும்பியது, ஒரு பெரிய வாய்த் தண்ணீர் சீலிங்குக்குத் தாவியது. வேதகிரி கோபப்பட நேரமில்லாமல் பக்கெட்டில் உட்கார மாடிக்கு ஓடினார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்படித்தான் நடந்தது. பவுனம்மாள் கதை சொல்லுவாள், எமிலி சிரிப்பாள், கை ஆடும், தண்ணீர் ஏறும், ஒவ்வொரு மாடியிலும் அவரவர் பக்கெட்டில் உட்காருவார்கள், மிச்சம் சுவரின் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்ப் பவுனம்மாளின் அண்டாக்களை ஒரு வாரத்துக்குக் காணும்படி நிறைக்கும். பவுனம்மாளின் முழங்கால் வீக்கம் வடிந்தது. எமிலிக்குச் சனிக்கிழமைகள் பிடிக்க ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை லேபில் ஊசி குத்தும்போது, நாளைக்கு என்ன சொல்லப் போகிறாளோ என்று நினைத்து அவள் முகம் மலர்வதைப் பார்த்து, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பயந்தார்கள்.

மேனேஜருக்குத்தான் பிடிக்கவில்லை. ஆறாவது வாரம் அது தீனியைத் தொடாமல் விட்டது. ஏழாவது வாரம் ஆரஞ்சுத் திட்டுகள் வெளுத்து, கரிமேல் சாம்பல் படிந்த மாதிரி ஆயிற்று. எட்டாவது வாரம் அது தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, வாயை வெளியே நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்தது. எமிலி கொளத்தூருக்குப் போய் மீன் வாங்கிய கடையில் கேட்டாள். கடைக்காரர் எத்தனை நாளுக்கு ஒரு முறை ஃபில்டர் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். வாரா வாரம் என்றதும் நெற்றியில் கை வைத்தார். பஞ்சில் இருக்கும் அழுக்குக்குள்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சரியாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அதை வாரா வாரம் கழுவினால் மீன் தன் மூத்திரத்தில் தானே வெந்து சாகும், இன்னும் மூன்று நான்கு முறை கழுவினால் தாங்காது என்றார்.

எமிலி அன்று மூன்றாவது மாடிக்கு ஏறினாள். பவுனம்மாள் ஆயிரம் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே வாரா வாரம் கழுவ மாட்டேன். மேனேஜர் செத்துப்போயிரும்."

பவுனம்மாள் அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மீனுதானே எமிலி."

"ஆமா. மீனுதான்."

"அவன் வுட்டுட்டுப் போன மீனு. அவனே ஒரு நாள் போன் பண்ணி அது எப்பிடி இருக்குன்னு கேட்டானா?"

"இல்ல."

"அப்பறம் என்னாத்துக்கு?"

"சாயந்திரம் கதவத் தொறந்தா அது திரும்பிப் பாக்குதுக்கா" என்றாள் எமிலி. "என்னை அந்த வீட்ல வேற யாரும் திரும்பிப் பாத்ததில்ல."

பவுனம்மாள் ஈரக் கையை முழங்காலில் வைத்து அமுக்கினாள். "எனக்கு வேற கால் கெடையாது எமிலி" என்றாள். எமிலி இறங்கிப் போனாள். அன்றைய மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று மூன்று பிளாக்கிலும் சொன்னார்கள்.

சங்கம் மறுபடி கூடியது. மீனின் உடல்நலம் சங்கத்தின் நோக்கங்களில் இல்லை என்று வேதகிரி விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். தொட்டியை எமிலி வீட்டிலிருந்து எடுத்து ஏ பிளாக்கில் இருக்கும் தன் மைத்துனர் வீட்டில் வைக்கலாம், அவருக்கு நரம்புக் கோளாறில் இரண்டு கையும் நடுங்கும், பவுனம்மாளின் ஆபாசக் கதைகள் தேவைப்படாது என்றும் சொன்னார். எமிலி எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றதே அதுதான் முதல் தடவை.

"இந்தச் சனிக்கிழமை எல்லாரும் வாங்க. என்ன வேணா பண்ணுங்க, நான் கழுவுறேன். ஒரு சொட்டு சிந்தினா தொட்டியை எடுத்துட்டுப் போங்க, வாரா வாரம் யார் வேணா கழுவுங்க. சிந்தலேன்னா இனிமே மீனை யாரும் தொடக் கூடாது."

வேதகிரி பவுனம்மாளைப் பார்த்தார். எல்லோரும் பவுனம்மாளைத்தான் பார்த்தார்கள். அவள் கதை கையில் இருக்கும்போது தோற்பது எப்படி என்று சங்கம் ஒரு மனதாக ஒப்புக்கொண்டது. பவுனம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஏ பிளாக்கின் முகங்கள் தெரிந்தன. மேனேஜர் தண்ணீரின் மேல் வாயை நீட்டிக்கொண்டிருந்தது. எமிலி சுவிட்சை அணைத்தாள். திருகுகளை மூடினாள். காத்திருந்தாள். அன்னக்கூடையை நகர்த்தினாள். குழாய் மூட்டைக் கழற்றும்போது பட்டாசு வெடித்தது, பெல் அடித்தது, யாரோ கரப்பான் பூச்சி என்று கத்தினார்கள், வேதகிரி ஆல்பர்ட் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பதாகச் சொன்னார். எமிலி அடியில் கை கொடுத்து டப்பாவைத் தூக்கினாள். அது விளிம்புவரை நிறைந்திருந்தது.

"பவுனம்மா, சொல்லு" என்றார் வேதகிரி.

பவுனம்மாள் மோடாவில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். எமிலிக்கு அந்தத் திறப்பைப் பார்த்ததுமே தொண்டைக்குள் சிரிப்பு கூடுகட்டியது, டப்பாவில் தண்ணீரின் முகம் லேசாகச் சுருங்கியது. கதை என்னவாக இருந்தாலும் அவள் சிரித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. பவுனம்மாளுக்கும் தெரிந்தது. பவுனம்மாள் மீனைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள், எமிலியின் கையைப் பார்த்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

எமிலி குளியலறைக்கு நடந்தாள், தொட்டியிலிருந்து மொண்டு வைத்திருந்த தண்ணீரில் பஞ்சை அலசினாள், திரும்ப அடுக்கினாள், வந்து மாட்டினாள், திருகுகளைத் திறந்தாள், சுவிட்சைப் போட்டாள். ஃபில்டர் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஒரு சொட்டு இல்லை.

வேதகிரியால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்காவது ஒரு சொட்டு இருக்கும் என்று மேஜைக்கு அடியில் குனிந்து நுழைந்து, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், பலகையின் அடிப்பக்கத்தையும் தடவிப் பார்த்தார், இல்லை என்று தெரிந்ததும் மேஜைக்கு அடியில் இருக்கிறோம் என்பது மறந்து சட்டென்று நிமிர்ந்தார். அறுபத்தெட்டு வருஷத்துத் தலை தேக்கு மேஜையில் இடித்தது. மேஜை ஒரு பக்கமாகத் தூக்கியது. தொட்டி சரிந்தது.

கண்ணாடி கீழ்ப் பக்கம் போயிற்று. தண்ணீர் மேல் பக்கம் போயிற்று. மேனேஜர் இரண்டையும் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தண்ணீரோடு போயிற்று.

எமிலி படிக்கு ஓடினாள், அவளுக்குப் பின்னால் சி பிளாக் முழுக்க ஓடியது. முதல் மாடியில் வேதகிரியின் மனைவி அலமாரிக்கு முன் கை கூப்பியபடி நின்று, "மீன் ஒண்ணு போவுதுங்க, நம்ம வீட்ல போய்" என்று மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். இரண்டாவது மாடியில் டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருந்தார்கள். தரையிலிருந்து எழுந்த மேனேஜரின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ ஒரு தலைமையாசிரியர் ஆய்வுக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் பவுனம்மாளின் கதவு திறந்தே கிடந்தது, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர், பாத்திரங்கள் மிதந்தன, மீனைக் காணவில்லை. எமிலி தண்ணீருக்குள் மண்டியிட்டு, அடுப்பு மேடைக்கு அடியில், கிரைண்டருக்குப் பின்னால், கையால் துழாவினாள்.

பவுனம்மாள் ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசியாக வந்து சேர்ந்தாள். வந்தவள் நேராகப் போய், அரிசி ஊறிக்கொண்டிருந்த பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எழுந்திரு எமிலி. ஒன் ஆளு இங்க அரிசி மேல ஒக்காந்திருக்கான்."

மேனேஜர் அண்டாவின் நடுவில், ஊறிய அரிசிப் படுக்கைக்கு மேல், துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. மூன்று மாடி ஏறி வந்த தண்ணீரில் அதற்கு என்ன கிடைத்ததோ, ஆரஞ்சுத் திட்டு ஒன்று ஊதிய தணலாக மெல்லச் சிவந்தது. அது தலையைத் திருப்பி எமிலியைப் பார்த்தது.

"சிந்திடுச்சு" என்றார் வேதகிரி, வாசலில் நின்று, தலையைப் பிடித்துக்கொண்டு. "பந்தயப்படி சிந்திடுச்சு."

"சிந்தினது நீங்க" என்றார் நூருன்னிசா டீச்சர்.

பவுனம்மாள் அண்டாவின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு மூன்று பிளாக்குக்கும் இட்லி கிடையாது, யாரும் மாவு கேட்டு வர வேண்டாம், இப்போது எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று, இடையில் நாலைந்து படிக்கட்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னாள். போனார்கள்.

"கீழ கொண்டுபோயிரட்டுமாக்கா?" என்றாள் எமிலி. "வாளி எடுத்துட்டு வரேன்."

"வேணாம். இங்கியே இருக்கட்டும்." பவுனம்மாள் தரையில் இருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்ற ஆரம்பித்தாள். "கீழ இருந்தா அதுக்கு மேல மூணு வீடு இருக்கு. எல்லாவனும் பக்கெட்ட கவுத்துக்கினு ஒக்காந்திருப்பான். இங்க அதுக்கு மேல யாரும் இல்ல. சிந்தினாலும் எவனுக்கும் பிரயோஜனம் இல்ல. அது பொழச்சுக்கும்."

"உங்களுக்குத் தண்ணி?"

"பதினாலு கொடம்தானே. இப்பத்தான் எனக்கு நாலு கால் இருக்கே."

புதுத் தொட்டி வாங்கி மூன்றாவது மாடியில் வைத்தார்கள். காலையில் லேபுக்குப் போகும் முன் எமிலி ஏழு குடம் தூக்கினாள், பவுனம்மாள் ஏழு குடம் தூக்கினாள், எமிலியின் குடம் தளும்பாமல் ஏறியது, பவுனம்மாளின் வாய் தளும்பிக்கொண்டே ஏறியது. கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு மேனேஜர் பழகிக்கொண்டது. தீனி தின்றது. மாவு வாங்க வருகிறவர்களை லீவு கேட்டவர்களைப் போலப் பார்த்தது.

சரியாக இரண்டு மாதம் கழித்து ஃபில்டர் கழுவும் நாள் வந்தது. சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பவுனம்மாள் தான் கழுவுவதாகச் சொன்னாள். எமிலி மோடாவில் உட்கார்ந்து, சுவிட்ச், திருகு, கொஞ்சம் பொறுங்கக்கா, கூடையை இழுங்க, அடியில கை குடுங்க என்று சொல்லச் சொல்ல, பவுனம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு டப்பாவைத் தூக்கினாள். ஒரு சொட்டு வரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் எமிலி.

"என்னா?"

"லேபுக்கு ஒருத்தர் ரத்தம் குடுக்க வந்தாரு. ஊசிய எடுத்துக்கிட்டு, உங்க பேரு என்னன்னு கேட்டேன். மயங்கி விழுந்துட்டாரு."

பவுனம்மாள் டப்பாவோடு காத்திருந்தாள். "அப்பறம்?"

"அவ்ளோதான். இன்னும் பேரு தெரியல."

பவுனம்மாளுக்குச் சிரிப்பு முதலில் தோளில் வந்தது, அப்புறம் வயிற்றில், அப்புறம் கையில். டப்பாவிலிருந்து தண்ணீர் பந்தாகத் துள்ளி, சீலிங்கில் மோதி, உள்ளே போயிற்று. இருவரும் டப்பாவைக் கூடையில் போட்டுவிட்டு, சிரிப்பு அடங்காமல், மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

தண்ணீர் மொட்டை மாடித் தரையிலிருந்து எழுந்து, துணிக்கொடிகளைத் தாண்டி, வெயிலில் மினுங்கிக்கொண்டு மேலே போனது. ஒரு மாடி உயரம், இரண்டு மாடி உயரம், மூன்றாவது உயரத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. கட்டடம் எதுவும் இல்லாத அந்த இடத்தில், ஏதோ ஒரு வீட்டின் சமையலறைத் தரையில் பரவுவதுபோல, சமமாகப் பரவி நின்றது. ஒரு காகம் வந்து அதன் ஓரத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குளிக்க ஆரம்பித்தது.

கீழே கேட்டருகில் வேதகிரி அண்ணாந்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். "பவுனம்மா, அது யாருக்குப் போவுது?" என்று கேட்டார்.

பவுனம்மாள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார்" என்றாள். "அங்க யாராச்சும் குடி வந்தா புழங்கிக்கட்டும்."